மதுரைத் தெருவில் உட்கார்ந்து தின்ற மீன்

மதுரைக்குப் போகிறேன் என்றதும் கொழும்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சுங்குடிச் சேலை வாங்கி வா என்றார்கள் சிலர், தாழம்பூக் குங்குமம் என்றார்கள் சிலர். என் அப்பா மட்டும், "அங்க போயி மீனுன்னு வாயத் தொறக்காத. பொண்ணுக்கு அக்காவா லட்சணமா இருந்துட்டு வா" என்றார். அப்பா சொல்லைத் தட்டாதவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மதுரை ஸ்டேஷனில் இறங்கியபோதும் அந்தப் பெயர் என்னிடம் பத்திரமாக இருந்தது.

போன காரியம் என் தங்கை பாக்கியத்தின் கல்யாணம். எங்கள் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம்தான். தாத்தா காலத்தில் கடல் கடந்தோம், பேச்சை மட்டும் ஊரில் விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு போனோம். மாப்பிள்ளை சொக்கலிங்கம் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். போன வருஷம் கொழும்புக்கு ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு வந்தபோது பாக்கியத்தைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அம்மா இல்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி, என் கணவருக்கு லீவு இல்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நான் ஒருத்தியே தாம்பூலம் மாற்றக் கிளம்பினேன். பாக்கியம் மீன் இல்லாத சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறவள். வழியனுப்ப வந்தவள் என் காதருகே, "அக்கா, நீ எதுக்கு ஒத்துக்கிட்டாலும் சரி. என் பேர்ல பொய்ச் சத்தியம் மட்டும் பண்ணிராத" என்றாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. சொக்கலிங்கம் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறான்.

தங்கியது பசுமலையில், என்னோடு வேலை பார்த்த ஒரு தோழியின் வீட்டில். முதல் நாள் மதியமே மாப்பிள்ளை வீட்டில் விருந்து. சொக்கலிங்கத்துக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் வீட்டுக்குப் பெரியவர், ஜவுளிக்கடைக்காரர். எப்போதோ ஒரு மடத்தில் தீட்சை வாங்கியவர். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். அன்றிலிருந்து அந்த வீட்டில் கவிச்சி வாடையே கிடையாது.

குறை சொல்லக்கூடாது, விருந்து பெரிய விருந்து. அதில் சேனைக்கிழங்கு வறுவல் ஒன்று. கிழங்கை மீன் துண்டு மாதிரியே வெட்டி, மீனுக்குத் தடவும் மசாலாவையே அரைத்துத் தடவி, ஓரம் கருகாமல் வறுத்திருந்தார்கள். சமைத்தவர் சொக்கலிங்கத்தின் அம்மா பிச்சையம்மாள். வெள்ளைச் சேலையில் அடுப்படிக் கதவோரம் நின்று, நான் அதை வாயில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்கு அத்தை" என்றேன். அவர் இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.

கை கழுவியதும் பெரியவர் விஷயத்துக்கு வந்தார். "வெள்ளிக்கெழம நல்ல நாளு. தட்டு மாத்திக்குவோம். அதுக்கு முந்தி ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு கவிச்சிய மறந்துரணும். சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணித்தான் எல்லா மருமகளும் வந்திருக்காக. பொண்ணு அக்கரையில இருக்கறதால நீ அவளுக்காகப் பண்ணிரு தாயி."

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கப்புறம் பேச்சே இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கோர்ட்டில் பொய் சொல்வார்கள், சூடத்தின் முன்னால் சொல்லமாட்டார்கள். கொழும்பிலும் அந்தப் பயம் எங்களை விட்டுப் போகவில்லை. பாக்கியம் காதில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியம் செய்தால் தங்கை ஆயுளுக்கும் அரைவயிறு. மறுத்தால் அவள் ஆசைப்பட்ட பையன் இல்லை. வெள்ளிக்கிழமை வரட்டும் என்று தலையை ஆட்டிவைத்தேன்.

மறுநாள் ஊர் சுற்றிக் காட்டப் பெரியவரின் மகன் முத்தையா ஜட்கா வண்டியோடு வந்தார். நாற்பதை நெருங்கும் மனிதர், வாய் ஓயாது. முறைப்படி அத்தான் என்றுதான் கூப்பிடவேண்டும். தட்டு மாற்றும்வரை அண்ணே போதும் என்று வைத்துக்கொண்டேன். கோயிலைக் காட்டினார், தெப்பக்குளத்தைக் காட்டினார், அவர்கள் ஜவுளிக்கடையைக் கோயிலைவிட அதிக நேரம் காட்டினார். பிறகு பழைய ஊருக்குள் ஒரு சந்து முனையில் வண்டியை நிறுத்தி, "தங்கச்சி, நீங்க வண்டியிலயே இருங்க. ஒரு ஆளப் பாத்துட்டு இந்தா வாரேன்" என்று இறங்கிப் போனார்.

குதிரை வாலை ஆட்டியது. காற்று திரும்பியது. ஆஸ்பத்திரியில் மருந்து நெடியிலேயே கிடந்தும் என் மூக்கு கெட்டுப்போகவில்லை. சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து அரைத்த மசாலா, காய்ந்த கல்லில் எண்ணெய், அதற்கு அடியில் கடல். இறங்கி வாசனை பிடித்துக்கொண்டே நடந்தேன்.

சந்துக்குள் ஒரு சின்னக் கூரைக்கடை. வாசலில் இரும்புக் கல், எதிரே ஒரு பலகை. பலகையில் முத்தையா அண்ணன், மடியில் இலை, இலையில் மீன்.

"அண்ணே, அது சீலா மீனா, பாறை மீனா?" என்றேன்.

அவருக்குப் புரையேறிவிட்டது. "தங்கச்சி! இது வந்து... இங்க ஒரு ஆளப் பாக்க..."

"அந்த ஆளத்தான் முக்காவாசி தின்னுட்டீங்களே."

கடைக்காரர் தாடி வைத்த ஒரு பாய். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொம்பளைக உக்கார்ற எடம் இல்லம்மா இது. எலையில கட்டித் தாரேன், வீட்டுல கொண்டு போயிச் சாப்பிடுங்க" என்றார். பாவம், மரியாதைக்குத்தான் சொன்னார்.

"எந்த வீட்டுல பாய்? அந்த வீட்டுல திங்க முடியாமத்தானே இவரே இங்க உக்காந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தின்றுகொண்டிருந்த ஒருவர் இலையோடு எழுந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். "காலம் கெட்டுப்போச்சு" என்று சுவரிடம் சொன்னார். கெட்டுப்போகாத மீனாக ஒரு துண்டு கொடுங்கள் என்று பாயிடம் நான் சொன்னேன்.

சீலாதான். கொழும்பில் நாங்கள் தோரா என்போம். மண்டபம் கடற்கரையிலிருந்து ஓலைக்கூடையில் ரயிலேறி வந்த மீன், அதனால் கொழும்பு மீனின் ஈரம் இல்லை. ஆனால் மசாலா கொழும்புக்காரர்களுக்கு வராத மசாலா. மேலே மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே வெள்ளையாக ஏடு ஏடாகப் பிரிந்தது. எலுமிச்சம்பழத்தைப் பாயே பிழிந்துவிட்டார். கொழும்பில் சாயங்காலம் கடற்கரையில் நானும் என் கணவரும் நின்றுகொண்டே இறால் வடை தின்போம். கடற்காற்றில் மணல் பறந்து வடையில் விழுமே தவிர, யாரும் சுவரைப் பார்த்துத் திரும்பியதில்லை.

முத்தையா அண்ணன் கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். கிராம்பு வைத்து வெற்றிலை போட்டார். வேட்டியை உதறினார். பழகிய கை, ஒன்றையும் மறக்கவில்லை. "அப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சுப்புடுவாரு, தங்கச்சி. நீங்க பெரிய மனசு பண்ணணும்" என்றார். "நான் ஒண்ணும் பாக்கலண்ணே, நானும் ஒரு ஆளப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

அடுத்த நாள் உசிலம்பட்டிக்குப் பஸ்ஸில் போனோம். அங்கே அவர்களுக்கு மானாவாரிக் காடு இருக்கிறது, அதைப் பெண்வீட்டார் பார்க்கவேண்டுமாம். முன்னால் கம்பியைச் செருகி இரண்டு ஆள் சுற்றினால்தான் கிளம்பும் பஸ். நாகமலையைத் தாண்டியதும் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கண்டக்டர் குடத்தோடு கண்மாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போனார். போனவர் வரவில்லை. என்னவென்று பார்க்க டிரைவர் போனார். அவரும் வரவில்லை. "ரெண்டு பேரையும் முனி அடிச்சிருச்சா?" என்று ஒரு கிழவர் கேட்க, பஸ்ஸே இறங்கிக் கரைமேல் ஏறியது.

கண்மாய் வற்றி, மீன் அழிக்கிற நாள் அது. ஊரே சேற்றுக்குள் நின்றது. அடியும் நுனியும் திறந்த கூடையைச் சேற்றில் குத்தி, மேல் வாய் வழியாகக் கையைவிட்டு விராலையும் கெளுத்தியையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கண்டக்டர் முழங்கால் சேற்றில் நின்று குடத்துக்குள் மீனைப் போட்டுக்கொண்டிருந்தார். கரையில் ஒரு பெண் சுள்ளி போட்டு, உப்பும் மஞ்சளும் தடவிய விராலை அனலில் வாட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். எந்த ஊர், யார் வீடு என்று எதுவும் கேட்காமல் ஒரு துண்டை என் கையில் வைத்து, "முள்ளு பாத்துத் தின்னு ஆத்தா" என்றாள். சேற்று வாடையும் புகையும் கலந்த மீன். கடல் மீன் தின்று வளர்ந்த வாய்க்கு முதல் வாய் ஒரு மாதிரி இருந்தது, இரண்டாம் வாயில் பழகிவிட்டது. அங்கே அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் முத்தையா அண்ணன் கெளுத்தியை ஒரு கை பார்த்தார்.

வழிக்கென்று அவள் இலையில் இரண்டு துண்டு கட்டித் தந்தபோது, ஒரு கரித்துண்டையும் உள்ளே வைத்தாள். கவிச்சி கொண்டுபோனால் பேய் பின்னாலேயே வருமாம். பேய் வந்தால் வரட்டும், உங்கள் அப்பா வராமல் இருந்தால் போதும் என்று முத்தையா அண்ணனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு உசிலம்பட்டிவரைதான் வந்தது.

அன்று சந்தை நாள். மாட்டுச் சாணம், கருப்பட்டி, கருவாடு என்று வாடைகளுக்குள் சண்டை. ஓரத்தில் ஒரு கூழ்க்கடை, கடைக்காரியின் பெயர் ராக்கு. கம்மங்கூழுக்கு வாளைக் கருவாட்டைத் தணலில் சுட்டுத் தட்டிக் கொடுத்தாள். கூழ் ஒரு மடக்கு, கருவாடு ஒரு கடி. உப்பு நாக்கைச் சுடும்போது கூழ் குளிரக் குளிர இறங்கியது. கொழும்பு ஹோட்டல்களில் வெள்ளைக்காரத் துரைமார் சாப்பிடும் சாப்பாட்டை எல்லாம் இதற்கு ஈடாக வைக்கமாட்டேன்.

ராக்கு முத்தையா அண்ணனை உற்றுப் பார்த்தாள். "ஜவுளிக்கடைக்காரவுக மகன்தானே? அய்யா வரலயா? வெள்ளாம பாக்க வாரப்பெல்லாம் இங்கதான் கூழு குடிப்பாக. வாளைக் கருவாடுன்னா அவுகளுக்கு உசுரு."

"எங்கப்பாவா?"

"நெத்தி நெறையத் துன்னூறு பூசியிருப்பாகளே, அவுகதான். வெளிய தெரியாம ஓலத் தட்டிக்குப் பின்னால உக்காந்துதான் குடிப்பாக. பெரிய மனுசரு."

முத்தையா அண்ணன் கலயத்தைக் கீழே வைத்தார். அப்பாவுக்குப் பயந்து மகன், மகனுக்குத் தெரியாமல் அப்பா. நான் சிரித்திருப்பேன். ஆனால் ராக்குவிடம், "அவுக வீட்டுப் பொம்பளைக யாரும் வந்திருக்காகளா?" என்று கேட்டுவிட்டேன். "பொம்பளைக எதுக்கு இம்புட்டுத் தூரம் வாராக?" என்றாள் அவள்.

சிரிப்புப் போய்விட்டது. திரும்பும் வழியில், "அண்ணே, மதினிக்கு மீன் பிடிக்குமா?" என்றேன்.

"அவ மண்டபத்துக்காரி. கல்யாணத்துக்கு முந்தி மீனு இல்லாமச் சோறு எறங்காது."

"ஒரு நா ஒரு பொட்டலம் வாங்கிட்டுப் போகக்கூடாதா?"

அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். "அவ சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கா, தங்கச்சி. தின்னா பாவமில்லையா?"

"நீங்க தின்னா?"

"நான் சத்தியம் பண்ணலையே!"

அவர் சொன்னதில் பொய் இல்லை, கள்ளமும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அந்த வீட்டின் சைவம் முழுவதையும் தூக்கிச் சுமப்பவர்கள் அடுப்படியில் இருக்கும் பெண்கள். வெளியே போகிறவர்களுக்கு ஊரெல்லாம் மீன் கிடைக்கிறது, வெளியே போகக்கூடாதவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தால் ஆஸ்பத்திரியில் டாக்டர்களே ஒதுங்கிப் போவார்கள். அன்று பஸ் குலுக்கலில் அந்தக் கோபம் நன்றாகக் கலங்கி மேலே வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தட்டு, தேங்காய், பழம், பூ எல்லாம் வைத்தாகிவிட்டது. சொக்கலிங்கம் தலைசீவிப் புது வேட்டியில் உட்கார்ந்திருந்தான். பெண்கள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால். பெரியவர் தாம்பாளத்தில் சூடத்தை ஏற்றி என் முன்னால் வைத்தார். "அணைச்சுச் சொல்லு தாயி. என் தங்கச்சி இந்த வீட்டுக்கு வந்தா கவிச்சியத் தொடமாட்டான்னு."

உசிலம்பட்டிச் சந்தையை வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை. வயதான மனிதரைச் சபையில் அவமானப்படுத்தி எனக்கென்ன கிடைக்கப்போகிறது? வேறொன்று சொன்னேன்.

"அணைக்கிறேன் மாமா. வீட்டுப் பெரியவுக நீங்க மொதல்ல அணைங்க. அப்புறம் முத்தையா அண்ணன், அப்புறம் மாப்பிள்ளத் தம்பி. நாலாவதா நான் அணைக்கிறேன்."

"ஆம்பளைக எதுக்குத் தாயி? அடுப்பு பொம்பளைக கையிலதான இருக்கு?"

"அடுப்பு வீட்டுல மட்டுமா மாமா இருக்கு?"

அவ்வளவுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். முன்தினம் நாங்கள் எங்கே போயிருந்தோம் என்பது அவருக்குத் தெரியும், அன்று சந்தை நாள் என்பதும் தெரியும். கை தொடையை விட்டு எழும்பவில்லை. மகனைப் பார்த்தார். மகன் உத்தரத்தைப் பார்த்தார். ஒரு வீட்டின் ஆண்பிள்ளைகள் எல்லாரும் இத்தனூண்டு சூடத்துக்குப் பயந்து உட்கார்ந்திருப்பதை நான் அன்றுதான் கண்டேன். சூடம் யார் கையும் படாமல் தானாக எரிந்து அணைந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்து, உடனே இருமினாள். மண்டபத்து மதினியாகத்தான் இருக்கவேண்டும்.

"பெரியப்பா, நான் அணைக்கமாட்டேன்" என்றான் சொக்கலிங்கம். "நான் வெளிய சாப்பிடுறேன். பொய்ச் சத்தியம் பண்ண எனக்குத் தெம்பு இல்ல. அந்தப் பொண்ணும் பண்ணவேணாம்."

"கல்யாணம் பேசுறது நானா, நீயா?" என்று பெரியவர் எழுந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பாக்கியத்தின் வாழ்க்கையை என் வாயே கெடுத்துவிட்டது என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

பிச்சையம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். நேராக வந்து வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார். தாலியறுத்தவர் தட்டு மாற்றுவதை நான் அதுவரை பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

"பிச்சை!" என்றார் பெரியவர்.

"பையன் என் பையன், மச்சான்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. தட்டை என்னிடம் நீட்டினார். "வாங்கிக்கம்மா. ஒந்தங்கச்சி எந்தச் சத்தியமும் பண்ணாம வரட்டும்." எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். பெரியவர் பூஜை அறைக்குள் போனார், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. கல்யாணத்தை நிறுத்துவதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் என் வாயும் திறக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் என்னை ரயிலேற்றிவிட சொக்கலிங்கமும் அவன் அம்மாவும் ஜட்காவில் வந்தார்கள். ஸ்டேஷனுக்குத் திரும்பும் முனையில் பிச்சையம்மாள் வண்டிக்காரரை நிறுத்தச் சொன்னார். "முத்தையா போற கட இந்தப் பக்கந்தானாம். முத்தையா பெண்டாட்டி சொன்னா" என்றார். மகன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் வண்டியைவிட்டு இறங்கினேன்.

பாய் எங்களைக் கண்டதும் பலகையைத் துண்டால் தட்டிவிட்டார். இந்தத் தடவை இடம் இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளைச் சேலையை முழங்காலைச் சுற்றி இழுத்துக்கொண்டு, பிச்சையம்மாள் எனக்கும் மகனுக்கும் நடுவே உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க சத்தியம் பண்ணியிருக்கீகளே" என்று சொக்கலிங்கம் மெதுவாகச் சொன்னான்.

"பண்ணேன். சாமி கேட்டா, ஆம்பளைகளக் கேட்டியான்னு நானும் சாமியக் கேட்டுக்கிறேன்."

பாய் கல்லிலிருந்து ஒரு வால்துண்டை எடுத்து அவர் இலையில் வைக்கக் குனிந்தார். பிச்சையம்மாள் இலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வாலு வேணாம் பாய். எங்கப்பன் வீட்டுல எம்புட்டோ வாலு தின்னாச்சு. நடுத்துண்டு வையிங்க."